'சுவிசேஷம்' என்ற தலைச்சொல் குறித்து அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'சுவிசேஷம்' என்பதற்குக் 'கிறிஸ்தவ மதப் பிரச்சாரம்' என்றும், 'சுவிசேஷகர்' என்பதற்கு 'மதம் மாற்றுபவர்' என்றும் பொருள் கொள்ளும் வழக்கம் எழுத்திலும் பேச்சிலும் பரவிவருகிறது. இது நாளை உங்கள் பதிப்புகளிலும் இடம்பிடித்துவிடலாகாது என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்ற பைபிள் நூலின் பெயரில் அந்தப் பொருளைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் பொருந்தாது, ஏனெனில் அங்கு அச்சொல் ஜெர்மானிய லுத்தரன் மரபு தன்னை அழைத்துக்கொண்ட அடைமொழியின் தமிழ் வடிவம்.

'சுவிசேஷம்' என்பது கிரேக்கத்தின் 'யூஆங்கெலியோன்' என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு. 'யூ' என்பது நன்மையைக் குறிக்கும். 'ஆங்கெலோஸ்' என்பவர் தூதர், 'ஏஞ்சல்' என்ற சொல்லும் அவரிடமிருந்து வந்ததே. ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில் 'யூஆங்கெலியோன்' நல்ல சேதி கொண்டுவந்தவருக்குக் கொடுக்கும் சன்மானத்தைக் குறித்தது. கொடுப்பதைக் குறித்த சொல் சேதியையே குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரில் கிடைத்த, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளிலிருந்தே உலகுக்கு நற்செய்திகள் தொடங்கின என்று இதே சொல்லின் பன்மை வடிவத்தால் புகழ்கிறது. கிறிஸ்தவர்கள் கையிலெடுக்கும் முன்பே அரசவைப் புகழுரையில் பழகிய சொல் அது.

தமிழில் இதற்குச் 'சு', 'விசேஷம்' என்ற இரண்டையும் சேர்த்தவர் யாராயினும் அவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். கிரேக்க 'யூ'வும் வடமொழிச் 'சு'வும் ஒரே தொல்வேரின் கிளைகள் என்பர் மொழிநூலார். 'விசேஷம்' என்ற சொல்லோ நம் வீடுகளில் சேதியையும் குறிக்கும், மங்கல நிகழ்வையும் குறிக்கும். புதுமணப் பெண்ணைப் பற்றி 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று கேட்டால் கேள்வி எதைப் பற்றியது என்பது எவருக்கும் விளங்கும். லூக்கா எழுதின சுவிசேஷத்தின் முதல் இரு அதிகாரங்களில், முதிய வயதில் மகன் பிறப்பான் என்று சகரியாவுக்கும், மீட்பர் பிறந்துவிட்டார் என்று மேய்ப்பர்களுக்கும் தூதர் அறிவிக்கும் இடங்களில் இக்கிரேக்கச் சொல்லின் வினைவடிவமே வருகிறது. இரண்டுமே பிள்ளைப்பேறு பற்றிய சேதிகள் என்பதை எண்ணிப் பார்க்கையில், நம் வீட்டு 'விசேஷம்' எதிர்பாராத பொருத்தத்துடன் வந்து அமர்கிறது. 1995இல் வெளியான திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பு 'நற்செய்தி' என்ற தனித்தமிழ்ச் சொல்லை ஆள்கிறது. அதுவும் நேரான ஆக்கமே.

'சுவிசேஷகர்' என்பதற்கு இரு பொருள்கள் வேண்டும்: இயேசுவின் வாழ்வை உரைக்கும் நான்கு நூல்களின் ஆசிரியர்கள், நற்செய்தியை அறிவிப்பவர்கள். புதிய ஏற்பாட்டில் இப்பெயர் மூன்றே இடங்களில் வருகிறது. பெயர் சுட்டி அவ்வாறு அழைக்கப்படுபவர் பிலிப்பு ஒருவரே.

அறிவிப்பதும் மாற்றுவதும் வெவ்வேறு வினைகள். சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு வழங்கினாலும், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்ற விவாதம் தனி. ஆனால் நீதிமன்றமே பிரித்துப் பார்த்த இரண்டை அகராதி ஒன்றாக்குவது முறையாகுமா?

'பிரச்சாரம்' என்ற சொல்லுக்கு நிகராக நாம் கருதும் ஐரோப்பியச் சொல் 'புரோபகண்டா'வும், 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிறுவிய சமயப்பரப்புப் பேராயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்து, பின்னர் அரசியலில் கறைபடிந்தது. அச்சொல்லின் கறையை இச்சொல்லின்மேல் பூசுவானேன்?

ஆகவே 'நல்ல செய்தி. குறிப்பாக, இயேசுவைப் பற்றிய செய்தி. அவர் வாழ்வை உரைக்கும் நான்கு நூல்களில் ஒன்று' என்று பொருள் தந்து, செயலைச் 'சுவிசேஷம் அறிவித்தல்' எனத் தனிப் பதிவாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வசைப்பொருள் வழக்கில் இருப்பதாக நீங்கள் கருதினால், அதையும் 'இகழ்ச்சி வழக்கு' என்ற குறிப்போடு கடைசியில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
அகராதிகளை நம்பி எழுதும் ஒரு வாசகர்