அருவியாறு பக்கத்தில்தான் ஓடியது

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் இடம்பெயர்ந்த எங்களை அடைத்து வைத்திருந்த, வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரேயடியாகச் சனம் வந்து குவிந்ததால்தான் அங்கே எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளோடு அதற்குள் அடைபட்டுக் கிடந்த எனக்கு இதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

2009-இல் செட்டிகுளத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தோம், உண்மைதான். ஆனால் அருவியாறு பக்கத்தில்தான் ஓடியது. வவுனியாக் கடைகளில் சவர்க்காரமும் பால்மாவும் அடுக்கியிருந்தன. இடையில் நின்றது முட்கம்பி. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக விட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு நிவாரணமே தேவைப்பட்டிராது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீராவது வேண்டும் என்பது சர்வதேச நியமம். எங்கள் பக்கம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வராத நாட்களும் உண்டு. வெறும் வாளியை வரிசையில் வைத்து, மூத்தவளைக் காவலுக்கு இருத்திவிட்டு, நான் சாப்பாட்டு வரிசைக்கு ஓடுவேன். முகம் கழுவிய தண்ணீரை ஏந்தி வைத்துத்தான் சின்னவனின் துணிகளை அலசினேன்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பட்ட பாட்டை இதுவரை எந்தக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை. பழஞ்சேலையைக் கிழித்துப் பாவித்தோம். துவைக்கத் தண்ணீர் இல்லை, காயப்போட மறைவும் இல்லை. முன்பின் தெரியாத இன்னொரு குடும்பமும் அதே தறப்பாளுக்குள் இருந்தது. இருட்டில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து, குமர்ப்பிள்ளைகள் பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஓகஸ்ட் மழைக்கு மலக்குழிகள் நிரம்பி வழிந்து, படுக்கிற இடம்வரை வந்தது.

அந்த டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம் வெளியே போய்வர விட்டார்கள். வவுனியாச் சந்தைக்குப் போய்வந்த அன்றே எங்கள் கொட்டிலில் சவர்க்காரம் இருந்தது. முகாமில் சனம் இன்னும் நிறையத்தான் இருந்தது. திறந்தது வாசல் மட்டும்தான். கட்டுரையாளர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

2012 செப்டெம்பரில் முகாமை மூடிவிட்டார்கள். அங்கே இருந்த பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். கம்பிவேலிக்கு வெளியே வெயிலில் காத்து நின்று, முகம் தெரியாத எங்களுக்குத் துணியும் சவர்க்காரமும் தந்த வவுனியாச் சனத்திடமும் கேளுங்கள். அவர்களுக்கு நன்றி சொல்லக்கூட அன்று எங்களுக்கு நேரம் தரப்படவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தருமபுரம், கிளிநொச்சி.