கார்த்திகைக் குளிரில் பறவை நடை: இயற்கை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டப் பள்ளி, கல்லூரி இயற்கை மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 12, பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாள். அதையொட்டி ஊட்டிப் பக்கம் பறவை நடைகள் நடப்பது மகிழ்ச்சிதான். ஆனால் நாற்பது பிள்ளைகளைச் சோலைக்குள் வரிசையாக அழைத்துப் போவதையும், பறவை தென்படாவிட்டால் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரவுக் குளிரில் உடம்புச் சூட்டைக் காக்கச் சிறு பறவை தன் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. விடிந்ததும் இரை தேடியே ஆகவேண்டும். அந்நேரத்தில் பதிவுக் குரல் கேட்டால், வேற்றுப் பறவை தன் இடத்தில் புகுந்துவிட்டதென்று இரையை விட்டுவிட்டு விரட்ட வருகிறது. கூடு கட்டும் காலம் இல்லையே என்று சமாதானம் சொல்ல முடியாது. குளிர்காலம் கழிக்க வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இங்கே தனக்கென ஓர் இடம் பிடித்துக் காக்கும். நீலகிரிச் சிரிப்பானோ அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. இந்த மலையை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

நிற்கும் இடம் சரியாக இருந்தால் குரலே வேண்டாம். நவம்பர் கடைசியில் சூரியன் 6.20 வாக்கில் எழும். முதல் வெயில் படும் சோலை ஓரம் எதுவென்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். பூச்சிகள் சூடேறிப் பறக்கத் தொடங்குவது அங்கேதான்; பறவையும் அங்கேயே வரும். வெயில் முதுகில் விழும்படி நின்று, இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். பல இனம் கலந்த இரைதேடும் கூட்டம் வந்தால் சில நிமிடங்களில் கடந்துவிடும். பின்தொடர்ந்து ஓடினால் கலைந்துபோகும். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை மட்டும் நிழலில், புதரடியில், தரையை ஒட்டித் தேடுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர் போதும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம். சாலையோரச் சோலை விளிம்பே பிள்ளைகளுக்குத் தாராளம்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) வாங்குங்கள். மங்கலான வெளிச்சத்தில் 8x25-இல் காட்சி இருட்டாகத் தெரியும். மஃப்ளரை வாய்மேல் சுற்றினால் மூச்சு மேலேறிக் கண்வில்லையில் பனி படரும். தாடைக்குக் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். படர்ந்த பனியைச் சட்டை நுனியால் துடைத்தால் தூசு கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் (அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பந்து) தூசியை அகற்றி, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள். குளிர்ந்த கருவியைச் சூடான வேனுக்குள் எடுத்துவந்தால், உடனே பையைத் திறக்காதீர்கள்; வில்லையில் ஈரம் படியும்.

பார்த்த பறவைகளின் பட்டியலில் நடை தொடங்கிய நேரம், நிமிடங்கள், நடந்த தூரம் மூன்றும் இருக்கட்டும். அரிய பறவையோடு மைனாவையும் காக்கையையும் எண்ணி எழுதுங்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் நிற்கும் மரத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்காதீர்கள்.

அன்புடன்,
நீலகிரிப் பறவை நோக்கர்கள் சிலர்