அந்த வாசலில் கேட்டு வாங்கிச் சாப்பிடு

தக்கலை
ஞாயிறு

மக்களே,

இங்கிலாந்தில், வின்செஸ்டரில் வேலை என்று நீ சொன்ன நாள் முதல் ஒரு இடம்தான் என் மனதில் ஓடுகிறது. பேராலயத்திலிருந்து இட்சன் ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் செயின்ட் கிராஸ் தர்மசாலை வரும். கட்டாயம் போய்ப் பார்.

1130களில் ஹென்றி ஆஃப் பிளாய்ஸ் என்ற பிஷப் தொடங்கியது அது. உழைக்க முடியாத 13 ஏழைகளுக்கு அங்கேயே தங்க இடமும் சாப்பாடும். அது போக, தினமும் 100 ஏழைகளுக்கு உணவு. இப்போது நிற்கும் கோபுர வாசலை 15ஆம் நூற்றாண்டில் கார்டினல் போஃபர்ட் கட்டினார். வளைவுக்கு மேலே மூன்று சிலை மாடங்கள். அதில் ஒன்றில் அவரே முழங்காலிட்டு இருக்கிறார். அரச குடும்பத்தில் பிறந்தவர், ராஜாவுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணக்காரர். பசித்து வருகிறவன் நிமிர்ந்து பார்த்தால், கொடுத்தவர் மண்டியிட்டிருப்பது தெரியும். வரலாறு சொல்லிக்கொடுத்த இத்தனை காலத்தில் என்னை இவ்வளவு தொட்ட சிலை வேறில்லை.

நம்ம பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம், அந்த வாசல் மண்டபம், உனக்குத் தெரியும். மரக்கூரை மச்சில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்று போல இன்னொன்று கிடையாது. கீழே தொங்குகிற குதிரை வீரன் விளக்கை விட்டு நீ நகரவே மாட்டாய். அழகில் செயின்ட் கிராஸ் அதற்குப் பக்கத்தில் வராது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உள்ளே போனால் ஊட்டுப்புரை, சாப்பாட்டுக் கூடம். கீழும் மேலுமாக 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். திருவிதாங்கூர் ராஜா தினமும் போட்ட சாப்பாடு, பிராமணர்களுக்கு மட்டும். பூமுகத்து மச்சைச் செதுக்கிய ஆசாரிக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது. உன் பூட்டிக்கும் கிடையாது. 1795 வாக்கில் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956இல் நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் கையில் இருக்கிறது. இன்று டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம், சரி. ஆனால் அந்தக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

செயின்ட் கிராஸில் வாயில்காப்பாளரிடம் போய்க் கேட்டால், யாராக இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியும் சின்னக் குவளையில் பீரும் இன்றும் தருகிறார்கள். வழிப்போக்கர்களுக்கென்று வைத்த தர்மம் அது. நீ போய்க் கேள், வெட்கப்படாதே. பீர் வேண்டாமென்றால் ரொட்டி போதும். திறந்திருக்கும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள். அப்புறம் அந்த மாடங்களை நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு.

அம்மா