ஆத்தாவுக்கு, டுரினிலிருந்து

டுரின், இத்தாலி,
கார்த்திகை 5.

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நான் நலம். அங்கே அப்பச்சி, ஆயா, ஆச்சி, அயித்தான், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா? உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிவிட்டது. இன்று நாளை என்று தள்ளிப்போட்டது என் தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செஸ்ட்நட்டும் பாதாம் மாதிரிதான், சக்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆச்சிக்கு யாரோ போனில் அனுப்பினார்களாமே. அப்பச்சிக்கு ரெண்டு கிலோ வாங்கி வரச் சொல்லியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள் ஆத்தா. பெயரில்தான் அது கொட்டை, வயிற்றுக்குள் போனால் கிழங்கு. நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். 100 கிராம் சுட்ட செஸ்ட்நட்டிலோ 2 கிராம்தான் கொழுப்பு, ஆனால் மாவுச்சத்து 53 கிராம். பத்துப் பருப்பு தின்றால் ஒரு கப் சோறு தின்ற கணக்கு. அப்பச்சி சோற்றைக் குறைத்துக்கொண்டு நாலைந்து சாப்பிட்டால் சரி. சோற்றுக்கு மேலே கொறித்தால் சக்கரை ஏறிவிடும். பிள்ளைகளுக்கு மாலையில் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாகத் தாராளமாகக் கொடுக்கலாம். நார்ச்சத்து 5 கிராம் இருக்கிறது. மற்றக் கொட்டைகளில் அவ்வளவாக இல்லாத வைட்டமின் சி, சுட்ட பிறகும் 26 மில்லிகிராம் நிற்கிறது.

எனக்கு இதைத் தின்னப் பழக்கியது கீழ்வீட்டுப் பாட்டி. குனேயோ பக்கத்து மலைக்காரி. சின்ன வயதில் குளிர்காலம் முழுக்க செஸ்ட்நட் மாவுக் கஞ்சிதானாம். சுடுகிற அன்று விளக்குமாற்றுக் கட்டையால் தன் வீட்டு மச்சை இடிப்பாள், அதுதான் எனக்கு அழைப்பு. ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போடுவாள். போடாவிட்டால் உள்ளே ஆவி அடைத்துப் பட்டென்று வெடிக்கும். அடியில் ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் குலுக்கிக் குலுக்கிச் சுடுவாள். கீறல் வாய் பிளந்து மஞ்சள் பருப்பு தெரிந்ததும் துண்டில் கொட்டி மூட்டை கட்டிப் பத்து நிமிடம் வைப்பாள். சூட்டோடு உரித்தால்தான் உள்தோல் வரும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். வாயில் போட்டால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கொடுப்பாள். பல நாள் இரவுச் சாப்பாடே அதுதான், சமைக்கிற வேலை மிச்சம். நீங்கள் வேறொன்றும் நினைக்க வேண்டாம். குளிரும் பெரிதாக இல்லை. பாட்டி வீட்டு ஹீட்டர் நன்றாகச் சுடும், படுக்கிற வரை அங்கேயே இருந்துவிடுகிறேன்.

நேற்று உரித்த பருப்பை அவள் நேராக என் வாய்க்கு நீட்டினாள். பிள்ளையார் நோன்பு ஞாபகம் வந்துவிட்டது ஆத்தா. வளவில் வரிசையாக நிற்போமே. அப்பச்சி மாவில் பதித்து ஏற்றிய நூல் இழையைச் சுடரோடு நீட்டுவார், நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டு வாயில் வாங்குவேன், நீங்கள் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வீர்கள். பருப்பை முழுங்க முடியவில்லை. பாட்டி பேசாமல் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள். இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை. என் பேருக்கு ஒரு இழையைத் தம்பியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், நம் வீட்டு இரண்டாம் கட்டின் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிமெண்ட் பூசவிடாதீர்கள், உடைந்த இடத்தில் நாட்டு ஓடு மாற்றினால் போதும். சித்தப்பாவுக்கும் பங்கு இருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பணம் இந்த மாதம் பத்து நாள் பிந்தி வரும், மீதியைத் தையில் சேர்த்து அனுப்புகிறேன். தேக்குக் கதவை விலைக்குக் கேட்டவர் மறுபடி வந்தால், மகன் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அப்பச்சிக்கு சக்கரை பார்த்த சீட்டையும் அடுத்த கடிதத்தோடு வையுங்கள்.

தங்கள் அன்பு மகன்