ஆச்சி சொன்னதை எழுதக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பிதழ் நடத்திய இயற்கைக் கட்டுரைப் போட்டியின் முடிவுகளைப் பார்த்தேன். நடுவர் குறிப்பில் ஒரு வரி: “பாட்டி கதைகளையும் ஊர் நம்பிக்கைகளையும் தவிர்த்து, தகவல்களை எழுதப் பழக வேண்டும்.” என் வகுப்புப் பிள்ளைகளும் அதைப் படித்துவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில் தமிழாசிரியை. போட்டிக்கு எழுதிய எட்டாம் வகுப்பு மாணவி, வீட்டு வேப்பமரத்தில் கூழைக்கடாப் பறவை கூடு கட்டியதை எழுதியிருந்தாள். வாசலெல்லாம் எச்சம், மீன் கவிச்சி. கிளையை வெட்டிவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு ஆச்சி சொன்னாராம்: “தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளைய வெளிய போன்னு சொல்லுவியா?”

இதில் என்ன தகவல் குறைந்துவிட்டது? எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதையும் அவள் எழுதியிருந்தாள். 1994-இல் அரசு கூந்தன்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளைக் காத்தவர்கள் இந்த ஆச்சிகள்தான். தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் அது. வேடந்தாங்கல் வரலாறு தங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் முறையிட்டு 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்களே, அது எந்த நம்பிக்கையில்?

முதல் பரிசு அமேசான் காடுகளைப் பற்றிய கட்டுரைக்கு. எழுதிய பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்த தெருவோ மரமோ அதில் ஒரு வரிகூட இல்லை.

ஏற்கெனவே தேர்வுக்கு ‘இயற்கை அன்னை’ என்று தொடங்கி ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று முடியும் நோட்ஸ் கட்டுரையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சொந்தமாக எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயம். வீட்டில் பேசும் சொல் ஒன்று வந்தால் சிவப்பு மையில் வட்டம். பல வருடங்களாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். மார்கழி பற்றிய பக்கத்துக்குத் தங்கள் இணைப்பிதழ் பனி மூடிய பைன் மரங்களைப் படமாகப் போட்டபோதும் எழுதினேன். பதில் வரவில்லை. சரி, அது போகட்டும்.

பத்திரிகையில் வந்தால் பிள்ளைகள் அப்படியே நம்புகிறார்கள். “இனிமே கூகுள்ல பார்த்தே எழுதிடுறேன் டீச்சர்” என்கிறாள் அந்த மாணவி.

பரிசு கேட்கவில்லை. அடுத்த போட்டி அறிவிப்பில் அந்த வரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளிடம் வேறு பிரதி இல்லை. கட்டுரைத் தாளைப் பள்ளி முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் போதும். தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.