அந்த ஷ்பேட்லேசே ஏன் புளித்தது?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு ஹாம்பர்க்கிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். அதைக் கொண்டாட வாங்கிய ஒயின்தான் ஏமாற்றிவிட்டது என்கிறாய். லேபிளில் ஷ்பேட்லேசே என்றிருந்தால் இனிப்பு என்று கடையில் சொன்னார்கள், வீட்டில் திறந்தால் உன் மனைவி ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

நீ அனுப்பிய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷ்பேட்லேசேவுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ட்ரோக்கன்' என்று இருக்கிறது, ஓரத்தில் ஆல்கஹால் 12.5 சதவீதம். சந்தேகமே இல்லை, அது இனிப்பில்லாத ஒயின்.

கபினெட், ஷ்பேட்லேசே, ஆவுஸ்லேசே எல்லாம் பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் சொல்கின்றன. சாற்றின் அடர்த்தியை எக்ஸ்லே டிகிரியில் அளந்து அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். அந்தச் சர்க்கரையில் பாட்டிலுக்குள் எவ்வளவு வருகிறது என்பது வேறு கதை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது, லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போனால் 1 சதவீதம் ஏறும். 11 சதவீதம் வரை போகக்கூடிய சாற்றை 8-லேயே நிறுத்தினால் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால் நான் கடையில் முதலில் பார்ப்பது ஆல்கஹால் எண்ணைத்தான். மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங் திராட்சை ஒயினில் 7.5, 8, 9 என்றிருந்தால் இனிப்பு, 12-க்கு மேல் போனால் அநேகமாக இனிப்பிருக்காது.

ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது, என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை, ஹால்ப்ட்ரோக்கன், அதாவது பாதி ட்ரோக்கன், என்றால் 18 வரை போகலாம். லேசான இனிப்பு என்று சொல்லப் போடும் ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது, தயாரிப்பவர் இஷ்டம்தான். லேபிளில் க்ரோஸஸ் கெவெக்ஸ் என்ற உயர்தரப் பெயரைப் பார்த்தால் உன் மனைவிக்கு வாங்காதே, அது எப்போதும் ட்ரோக்கன்தான்.

இன்னொன்று. கிராம் கணக்கு நாக்குக்கு அப்படியே பொருந்தாது. போன மாதம் பெர்ன்காஸ்டலில் ஒரே தோட்டக்காரரிடம் ஒரே வருடத்து ஷ்பேட்லேசே இரண்டு வாங்கினேன், ஒன்று 8, இன்னொன்று 12.5. எட்டு சதவீதத்தில் அவ்வளவு சர்க்கரை இருந்தும் திகட்டவே இல்லை, பாதி பழுத்த மாங்காயைக் கடித்த மாதிரி இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே வந்தன, விழுங்கியபின் வாய் சுத்தமாக இருந்தது. புளிப்பு தாங்கிப் பிடிக்கிறது, அதுதான் ரீஸ்லிங்கின் அழகு. பத்துப் பதினைந்து வருடம் வைத்திருந்தால் சர்க்கரை குறையாமலே இனிப்பு அடங்கின மாதிரி தெரியும். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

அடுத்த முறை ட்ரோக்கன் என்ற சொல்லே இல்லாத, எட்டு சதவீத மோசல் கபினெட்டாகப் பார்த்து வாங்கு. மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடாதே, மீன் வறுத்து அதோடு குடித்துப் பார்.

அக்டோபரில் அறுவடை நேரம். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ட்ரியருக்கு வா, அறை தயாராக இருக்கும்.

அன்புடன்,
ரவி