முயல் ஓடும் மூலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் போய்வந்து நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். "மழையில் நனைந்ததுதான் மிச்சம், வெறும் கல்லுதான்பா" என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் நாலாவது போட்டோவில் உன் குடைக்குப் பின்னால் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்திருக்கிறதே, அதைப் பார்த்தாயா? ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அதே கற்களை வரைந்தபோது அப்படி ஒரு வானத்தைத்தான் மேலே வைத்தார்.

அவர் அங்கே போனது 1820 ஜூலையில். பென்சிலில் ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தார், அதோடு சரி. அதை வாட்டர்கலரில் பெரிதாக எழுதியது 1835-ல். நடுவில் 1828-ல் மனைவி மரியா காசநோயில் போய்விட்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள். படத்தில் கற்களைவிட வானம்தான் அதிகம். கருநீல மேகம், அதன் குறுக்கே இரட்டை வானவில். கல்லோரம் ஓர் ஆள், எறும்பு அளவுக்கு.

இடது கீழ் மூலையில் ஒரு முயல் ஓடுகிறது. அதைத் தனித் துண்டுத் தாளில் வரைந்து ஒட்டியிருக்கிறார்! முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஒட்டுப்போட்ட தாளை எத்தனை பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கும் கல்லுக்கு முன்னால் ஒரு நொடியில் மறைந்துவிடும் முயல். அது இல்லாவிட்டால் படம் பாதிதான்.

அப்புறம், நீ பார்த்தது முழுக்க அவர் பார்த்ததும் இல்லை. 1797-ல் சரிந்து விழுந்த மூன்று கற்கள் அவர் காலத்தில் தரையில்தான் கிடந்தன. 1958-ல்தான் தூக்கி நிறுத்தினார்கள்.

படம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துடையது. வாட்டர்கலர் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், எப்போதும் மாட்டி வைக்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டு போ. போனால் அந்த மூலையில் தாளின் விளிம்பு தெரிகிறதா என்று பார்த்து எழுது.

உங்கம்மாவை நான் பென்சிலில் போட்ட படம் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நீ அவள் இடுப்பில் இருக்கிறாய். நேற்று அதை எடுத்து வைத்துக்கொண்டு கிண்ணத்தில் தண்ணீரும் ஊற்றிவிட்டேன். அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று ஞாபகம் வரவில்லை. உன் பெரியம்மாவைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா